கேடட், முன்னாள் படைவீரர், ராணுவம்: உங்கள் எம்.பி. நாடாளுமன்றத்தில் என்ன கேட்கலாம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் உண்டு. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் ஓய்வூதியக் கணக்கில் குளறுபடி, முன்னாள் படைவீரர்களுக்கான பாலிகிளினிக்கில் மருந்து இல்லை, பள்ளியில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) இல்லை என்று ஆயிரம் குறைகள் பேசப்படுகின்றன. பேச்சு பெரும்பாலும் டீக்கடையோடு நின்றுவிடுகிறது. அதையே ஓர் எம்.பி. எழுத்தில் கேட்டால், அமைச்சர் எழுத்தில் பதில் தரவேண்டும். அந்தப் பதில் ஆவணமாக நிற்கும். அந்த வழியைத் தெரிந்துகொள்ள விரும்பும் முன்னாள் படைவீரர்கள், அவர்கள் குடும்பத்தார், கேடட்களின் (என்.சி.சி.யிலோ ராணுவ அகாடமியிலோ பயிற்சி பெறும் பிள்ளைகளின்) பெற்றோர் ஆகியோருக்காக இதை எழுதியிருக்கிறேன்.

ராணுவ விஷயத்தை எல்லாம் எம்.பி. கேட்க முடியுமா? ‘ரகசியம்’ என்று சொல்லிவிட மாட்டார்களா?

சில விஷயங்களில் அப்படித்தான் சொல்வார்கள். எந்த எல்லையில் எத்தனை படைப்பிரிவு நிற்கிறது, எந்த ஆயுதம் எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்று கேட்டால் நாட்டுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி பதில் மறுக்கப்படும். சில கேள்விகள் அவைக்கே வராது. எல்லைக் கோட்டைச் சீனப் படைகள் தாண்டினவா என்று தான் கேட்ட கேள்வியை, நாட்டு நலனைக் காரணம் காட்டி மாநிலங்களவைச் செயலகம் அனுமதிக்கவில்லை என்று சுப்பிரமணியன் சுவாமி 2021-இல் வெளிப்படையாகவே குறை சொன்னார்.

இதற்கு மறுபக்கமும் வரலாற்றில் இருக்கிறது. லடாக் பக்கத்து அக்சாய் சின் வழியாகச் சீனா சாலை போட்டிருப்பதை நேரு நாட்டுக்குச் சொன்னது 1959 ஆகஸ்ட் 28 அன்று மக்களவையில்தான். உறுப்பினர்கள் விடாமல் துளைத்ததால் வந்த பதில் அது. 1962 போரின்போது கேள்வி நேரமே நிறுத்தப்பட்டது. நெருக்கடி நிலையிலும் நிறுத்தினார்கள். 2020-இல் கொரோனா காலத்து மழைக்காலக் கூட்டத்தொடரிலும் வாய்மொழிக் கேள்விகள் இல்லை, எழுத்துப் பதில் மட்டும் இருந்தது. கேள்வி கேட்கும் உரிமை எப்போதும் தானாகக் கிடைத்துக்கொண்டே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

சரி, உங்களையும் என்னையும் தொடும் விஷயங்களுக்கு வருவோம். ஓய்வூதியம், மருத்துவம், மறுவேலை, சைனிக் பள்ளி, என்.சி.சி., ராணுவத் தளவாடத் தொழிற்சாலை, படைத்துறை நிலம் என எதுவுமே ரகசியம் கிடையாது. எண்பது வயதுக்காரருக்குச் சர்க்கரை நோய் மாத்திரை ஏன் கிடைக்கவில்லை என்பதில் எந்த நாட்டுப் பாதுகாப்பும் சம்பந்தப்படவில்லை. இவற்றைத் தயங்காமல் கேட்கலாம்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் என்ன?

அவையில் வாய்மொழியாகப் பதில் வரும் கேள்வி அது. பதிலைக் கேட்டபின் உறுப்பினர் எழுந்து துணைக் கேள்வி கேட்கலாம். மற்ற உறுப்பினர்களும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20, மாநிலங்களவையில் 15. நட்சத்திரக் குறியில்லாதவற்றுக்கு எழுத்தில் மட்டும் பதில் வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு 230 வரை, மாநிலங்களவையில் 160 வரை.

நட்சத்திரக் கேள்விக்கு மவுசு அதிகம், தொலைக்காட்சியில் வரும். ஆனால் பட்டியலில் இருக்கும் 20-இல் முதல் ஐந்தாறுதான் பெரும்பாலும் அவையில் எடுக்கப்படும், மீதிக்கு எழுத்துப் பதில்தான். முன்னாள் படைவீரர் நலன் போன்ற விஷயத்துக்கு நான் எப்போதும் நட்சத்திரம் இல்லாத கேள்வியையே பரிந்துரைப்பேன். அட்டவணை போட்டு, மாநிலவாரியாக, ஆண்டுவாரியாக எண்களைக் கேட்டு வாங்க அதுதான் தோது. எண் கையில் வந்தபின் அடுத்த கூட்டத்தொடரில் அதைப் பிடித்துக்கொண்டு வாய்மொழிக் கேள்வி கேட்டால் அமைச்சர் நழுவ முடியாது.

எம்.பி. நினைத்த நாளில் கேட்டுவிடலாமா?

முடியாது. குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன் அறிவிப்பு தரவேண்டும். அமைச்சகங்களைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். பாதுகாப்பு அமைச்சகத்துக்கு அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் மக்களவையில் வெள்ளிக்கிழமை, மாநிலங்களவையில் திங்கட்கிழமை. வந்த அறிவிப்புகளைக் குலுக்கல் போட்டு வரிசைப்படுத்துவார்கள். மக்களவையில் ஓர் உறுப்பினர் பெயரில் ஒரு நாள் பட்டியலில் அதிகபட்சம் 5 கேள்விதான் வரும், அதில் நட்சத்திரக் கேள்வி ஒன்றே ஒன்று. ஆகவே எம்.பி. நல்ல மனதோடு அனுப்பினாலும் உங்கள் கேள்வி குலுக்கலில் தவறிப்போகலாம். ஒரே கேள்வியை இரண்டு மூன்று எம்.பி.க்களிடம் கொடுப்பதில் தவறே இல்லை. ஒரே மாதிரியானவற்றைச் செயலகமே சேர்த்து, எல்லார் பெயரையும் போட்டுவிடும்.

நல்ல கேள்வி எப்படி இருக்கும்?

என்னைக் கேட்டால் எல்லாமே இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. அமைச்சகத்துக்குக் கேள்வி போனதும் ஓர் அதிகாரி அதைப் படித்துப் பதில் தயாரிக்கிறார். கேள்வி தளர்வாக இருந்தால் ஏற்கெனவே இருக்கும் திட்டக் குறிப்பை ஒட்டி அனுப்பிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, கேட்டதற்குத்தானே பதில்?

எடுத்துக்காட்டாக, “முன்னாள் படைவீரர்களுக்கு நல்ல மருத்துவ வசதி தர அரசு நடவடிக்கை எடுக்குமா?” என்று ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். 2003-இல் தொடங்கியது, நாடு முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் உள்ளன, அரசு உறுதிபூண்டுள்ளது என்று ஒரு பத்தி வரும். அதில் உங்களுக்குத் தெரியாத சேதி ஒன்றுகூட இருக்காது.

அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

(அ) தமிழ்நாட்டில் உள்ள இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குகள் எத்தனை, மாவட்டவாரியாகத் தருக;
(ஆ) ஒவ்வொன்றிலும் மருத்துவர், மருந்தாளுநர், செவிலியர் பணியிடங்களில் அனுமதிக்கப்பட்டவை எத்தனை, காலியாக இருப்பவை எத்தனை;
(இ) ஒப்பந்தத் தனியார் மருத்துவமனைகளுக்குத் தரவேண்டிய நிலுவைத் தொகை எவ்வளவு, அதில் ஆறு மாதத்துக்கு மேல் நிற்பது எவ்வளவு;
(ஈ) நிலுவையால் கட்டணமில்லாச் சிகிச்சையை நிறுத்திய மருத்துவமனைகள் எவை;
(உ) காலியிடங்களை நிரப்ப எந்தத் தேதிக்குள் திட்டம்?

இதற்குப் பொதுப் பத்தி ஒன்றை எழுதித் தப்ப முடியாது. எண் தரவேண்டும், அல்லது எண் தம்மிடம் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டுமே நமக்கு லாபம்.

கேள்வி 150 சொற்களுக்குள் இருக்கவேண்டும். கருத்து, குற்றச்சாட்டு, கிண்டல், அடைமொழி எதுவும் கூடாது. வேகத்தில் நான்கு வரி ஆவேசம் எழுதிவிட்டால், அந்த நான்கு வரியே கேள்வி தள்ளுபடியாகக் காரணமாகிவிடும்.

எந்தக் காரணங்களுக்காகக் கேள்வியைத் தள்ளுவார்கள்?

மக்களவை விதி 41-இல் நீண்ட பட்டியல் உண்டு. நமக்கு அடிக்கடி இடிப்பவை இவை: நீதிமன்ற விசாரணையில் உள்ள விஷயம், ஏற்கெனவே பதில் தந்துவிட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, எளிதில் கிடைக்கும் ஆவணங்களில் உள்ள தகவல், ஒரு பதிலுக்குள் அடங்காத அளவு பெரிய கொள்கை விவகாரம், தனி நபரின் சொந்த நடத்தை. ‘என் அப்பாவுடைய ஓய்வூதியம் ஏன் நின்றது’ என்பதைக் கேள்வியாக்க முடியாது. ‘ஸ்பர்ஷ் என்னும் இணையவழி ஓய்வூதிய முறைக்கு மாறியபின் ஆயுள் சான்று கிடைக்காத காரணத்தால் ஓய்வூதியம் நிறுத்தப்பட்டவர்கள் மாநிலவாரியாக எத்தனை பேர்’ என்றால் அது பொதுக் கேள்வி. உங்கள் அப்பாவும் அந்த எண்ணுக்குள் இருப்பார். அவருடைய தனிப்பட்ட மனுவை எம்.பி. அமைச்சருக்குக் கடிதமாக அனுப்பலாம். அது வேறு வழி, அதுவும் பயன்படும்.

‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று பதில் வந்தால்?

சந்தோஷப்படுங்கள். “தகவல் திரட்டப்பட்டு அவையின் மேசையில் வைக்கப்படும்”, “பரிசீலிக்கப்படும்” போன்ற வாசகங்கள் அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் எடுக்கப்படும். இரு அவைகளிலும் அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்கவேண்டும். ஆண்டுக்கணக்கில் இழுப்பதும் நடக்கிறது, ஆனால் பட்டியலிலிருந்து தானாக மறையாது.

கவலைப்பட வேண்டிய பதில் இன்னொன்று: “இத்தகவல் மையமாகப் பராமரிக்கப்படுவதில்லை.” இதில் உறுதிமொழி எதுவும் இல்லை, கதவு சாத்தியாயிற்று. அப்போது அடுத்த கேள்வி, ஏன் பராமரிக்கவில்லை, பராமரிக்கும் திட்டம் உண்டா என்று போகவேண்டும்.

அகாடமியில் பயிற்சியின்போது அடிபட்டு வெளியேற்றப்பட்ட கேடட்களுக்கு என்ன கிடைக்கிறது?

இந்தப் பக்கத்தில் மற்ற எல்லாவற்றையும் விட இது என் மனதைப் பிசைகிற விஷயம்.

கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமி, டேராடூன் ராணுவ அகாடமி, சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி, எழிமலா கடற்படை அகாடமி, துண்டிகல் விமானப்படை அகாடமி ஆகிய இடங்களுக்கு நாட்டின் மிகத் திடமான பிள்ளைகள் தேர்வாகிப் போகிறார்கள். பயிற்சி கடுமையானது. குதித்தல், நீச்சல், குத்துச்சண்டை, தடை ஓட்டம் என்று எதிலும் தலையிலோ முதுகெலும்பிலோ அடிபட வாய்ப்புண்டு. அப்படி அடிபட்டுப் பணிக்குத் தகுதியில்லை என்று மருத்துவ வாரியம் சொன்னால் பையன் வீட்டுக்கு வந்துவிடுகிறான். சிலர் படுத்த படுக்கையாக.

சட்டத்தின் கண்ணில் அவன் இன்னும் அதிகாரி ஆகவில்லை, பதவி ஏற்கவில்லை. அதனால் முன்னாள் படைவீரர் தகுதி கிடையாது. ஓய்வூதியம் கிடையாது. கருணைத் தொகை மட்டும் உண்டு, ஊனத்தின் அளவைப் பொறுத்து அதிகபட்சம் மாதம் 40,000 ரூபாய் வரை. கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் மாதச் செலவு எவ்வளவு ஆகும் என்று அந்த வீட்டுக்குத்தான் தெரியும். இதில் இன்னொரு வலியும் இருக்கிறது. ஜவானாகச் சேர்ந்து பயிற்சியிலேயே அடிபட்டு வெளியேறுபவருக்கு முன்னாள் படைவீரர் தகுதி உண்டு. அதே நாட்டுக்காக அதே மாதிரி அடிபட்ட அதிகாரிப் பயிற்சியாளருக்கு இல்லை.

1985 முதல் ஏறத்தாழ 500 பேர் இப்படி வெளியேற்றப்பட்டதாக 2025 ஆகஸ்டில் நாளிதழ்ச் செய்தி வந்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, ஆர். மகாதேவன் அமர்வு மத்திய அரசிடமும் முப்படைகளிடமும் விளக்கம் கேட்டது. அந்த மாத இறுதிக்குள் இ.சி.எச்.எஸ். மருத்துவ வசதி இவர்களுக்கும் உண்டு என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. அதிகாரிகள் கட்டவேண்டிய 1.20 லட்சம் ரூபாய் ஒருமுறைச் சந்தாவும் தள்ளுபடி. ஆனால் அந்த ஆணை மருத்துவத்துக்கு மட்டும்தான்.

நாற்பது ஆண்டுகளாகப் பெற்றோர்கள் அலைந்த விஷயத்தில் ஒரு மாதத்துக்குள் ஒரு கதவு திறந்தது என்றால், அதை முன்பே திறந்திருக்கலாம் என்றுதானே பொருள்? எம்.பி.க்கள் கேட்கவேண்டியது ஏராளம். மருத்துவ அட்டை இதுவரை எத்தனை பேருக்குக் கிடைத்தது, வீட்டுக்கு வெளியே வரமுடியாதவருக்குச் சிகிச்சை எப்படி, கருணைத் தொகை கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, பாதியில் நின்ற பட்டப்படிப்பை முடிக்க என்ன ஏற்பாடு, அகாடமிவாரியாகக் காயங்களின் கணக்கு என்ன, அதைக் குறைக்க எடுத்த நடவடிக்கை என்ன. நீதிமன்றத்தில் இருக்கும் அம்சத்தைக் கேட்டால் தள்ளிவிடுவார்கள் என்பதால், செயல்படுத்தல் பற்றிய எண்களை மட்டும் கேட்பது புத்திசாலித்தனம்.

என் மகள் படிக்கும் பள்ளியில் என்.சி.சி. இல்லை. இதை நாடாளுமன்றத்தில் கேட்கலாமா?

அந்த ஒரு பள்ளியைப் பற்றிக் கேட்பதைவிட, மாவட்டத்தில் எத்தனை பள்ளி, கல்லூரிகள் விண்ணப்பித்துக் காத்திருக்கின்றன என்று கேட்பது நல்லது. பதிலில் உங்கள் பள்ளியும் வந்துவிடும்.

கொஞ்சம் பின்னணி. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது தேசிய மாணவர் படை. 1962 போருக்குப் பின் கல்லூரிகளில் கட்டாயமாக்கினார்கள். 1968-இல் மீண்டும் விருப்பத்துக்கு விட்டார்கள். இப்போது 17 இயக்குநரகங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார் மூன்றும் சேர்ந்து ஒன்று, தலைமையகம் சென்னையில். எல்லையோர, கடலோர மாவட்டங்கள் 173-இல் ஒரு லட்சம் கேடட்களைச் சேர்ப்பதாக 2020 சுதந்திர தினத்தில் பிரதமர் அறிவித்தார், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தமிழ்நாட்டின் கடற்கரை நீளத்தை நினைத்துப் பாருங்கள். ராமநாதபுரத்திலும் நாகப்பட்டினத்திலும் எத்தனை பள்ளிகளுக்கு அது வந்து சேர்ந்தது என்பது நம் எம்.பி.க்கள் ஆண்டுதோறும் கேட்கவேண்டிய கேள்வி. 2024-இல் மேலும் 3 லட்சம் கேடட் இடங்களுக்கு ஒப்புதல் தந்து மொத்தத்தை 20 லட்சமாக்க முடிவானது.

இடம் ஒதுக்குவது மட்டும் போதாது. ஒவ்வொரு பள்ளியிலும் இதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியர் ஏ.என்.ஓ.வாக (இணை என்.சி.சி. அதிகாரியாக) பயிற்சி பெற்றிருக்கவேண்டும். அவர் இல்லாவிட்டால் பரேடு பெயருக்குத்தான் நடக்கும். செலவில் மாநில அரசுக்கும் பங்கு உண்டு. மாநிலம் தன் பங்கைத் தராவிட்டால் புதிய அலகு வராது, மத்திய அரசு மாநிலத்தைக் கைகாட்டும். நிறுவனமே முழுச் செலவையும் ஏற்கும் சுயநிதித் திட்டம் ஒன்றும் இருக்கிறது. அதைத் தனியார் பள்ளிகள் எளிதில் எடுத்துக்கொள்ளும், கிராமத்து அரசுப் பள்ளியால் முடியாது. என்.சி.சி.யின் பலன் மிக அதிகமாகத் தேவைப்படுவது அந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. ‘சி’ சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமலே சிறப்பு நுழைவு வழியாக அதிகாரித் தேர்வுக்குப் போகலாம் என்பது அந்த வீடுகளில் பலருக்குத் தெரியாது. ஆகவே சுயநிதி அலகு எத்தனை, அரசுப் பள்ளி அலகு எத்தனை என்று பிரித்துக் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. திருநங்கை மாணவி ஒருவரை என்.சி.சி.யில் சேர்க்க மறுத்தது செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. அதற்கேற்ப விதிகள் நாடு முழுக்க மாறினவா என்று கேட்பதும் நியாயமான கேள்வி.

பெண்கள் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேரலாமா?

சேரலாம். உச்ச நீதிமன்றத்தின் 2021 ஆணைக்குப் பின் 2022-இல் முதல் அணி நுழைந்தது. 2025 மே மாதம் 17 பேர் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். ஒவ்வொரு பருவத்திலும் பெண்களுக்கான இடம் எத்தனை, அதை எந்த அடிப்படையில் முடிவு செய்கிறார்கள் என்பது இன்னும் கேட்கவேண்டிய விஷயம்.

ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் கேள்வி கேட்டு வந்ததா, போராடி வந்ததா?

இரண்டும்தான். ஒரே பதவியில் ஒரே அளவு காலம் பணி செய்தவர்களுக்கு, எந்த ஆண்டு ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே ஓய்வூதியம் என்பதே கோரிக்கை. முன்பு ஓய்வு பெற்ற சுபேதார், பின்னால் ஓய்வு பெற்ற இளநிலையாளரைவிடக் குறைவாக வாங்கும் நிலை இருந்தது. முன்னாள் படைவீரர்கள் மாநிலங்களவை மனுக்கள் குழுவுக்கு ஒரு மனு கொடுத்தார்கள். பகத் சிங் கோஷியாரி தலைமையிலான அந்தக் குழு 2011 டிசம்பரில் கோரிக்கை நியாயமானது என்று பரிந்துரைத்தது. 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் ப. சிதம்பரம் ஏற்பதாக அறிவித்து 500 கோடி ஒதுக்கினார். 2015-இல் டெல்லி ஜந்தர் மந்தரில் முதியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். செப்டம்பர் 5-இல் அறிவிப்பு, நவம்பர் 7-இல் ஆணை, 2014 ஜூலை 1 முதல் அமல்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம் என்பது விதி. 2019 ஜூலைக்கு வரவேண்டிய திருத்தத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது 2022 டிசம்பரில்தான். நிலுவைத் தொகையைத் தவணையில் தருவதாகச் சொல்லி, உச்ச நீதிமன்றம் கால அட்டவணை போடவேண்டி வந்தது. அந்த இடைவெளியில் கண்ணை மூடிய முதியவர்கள் இருக்கிறார்கள். 2024 ஜூலைத் திருத்தம் அவ்வளவு தாமதமாகவில்லை. அடுத்தது 2029. அதற்கான வேலை எப்போது தொடங்கும் என்று 2028-இலேயே கேட்டு வைப்பது நல்லது.

மனு என்ற வழியையும் மறக்காதீர்கள். ஓர் உறுப்பினர் மூலம் குடிமக்களே நாடாளுமன்றத்துக்கு மனு தரலாம்.

ஓய்வூதியமே இல்லாத முன்னாள் படைவீரர்களும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், அவர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஜவானுக்கு ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டுப் பணி வேண்டும். அதற்குமுன் வந்துவிட்டவருக்கு மாத வருமானம் ஏதும் இல்லை. 65 வயதைத் தாண்டிய, ஹவில்தார் நிலை வரையிலான ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கு வறுமை நிவாரணமாக மாதம் 4,000 ரூபாய் தரப்பட்டது, 2025 நவம்பர் முதல் அது 8,000 ஆயிற்று. பிள்ளைகள் கல்வி உதவி 1,000-இலிருந்து 2,000 ஆகவும், திருமண உதவி 50,000-இலிருந்து ஒரு லட்சமாகவும் ஏறின. கொடி நாள் நிதியோடு சேர்ந்த பணம் இது, டிசம்பர் 7 அன்று நாம் உண்டியலில் போடுவதுதான். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கலாம். மாவட்டவாரியாக எத்தனை விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்ற ஒரு கேள்வி இவர்களுக்குப் பெரிய உபகாரம்.

அக்னிவீரர்கள் முன்னாள் படைவீரர்கள் ஆவார்களா?

2022 ஜூன் 14 அன்று அறிவித்த அக்னிபத் என்னும் குறுகிய கால ஆள்சேர்ப்புத் திட்டத்தின்படி ஆகமாட்டார்கள். நான்கு ஆண்டுப் பணி, அதன்பின் 25 சதவீதம் வரை நிரந்தரம். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வெளியேறுவார்கள். ஓய்வூதியம், பணிக்கொடை, இ.சி.எச்.எஸ்., கேன்டீன் எதுவும் இல்லை. முதல் அணி பயிற்சிக்குச் சேர்ந்தது 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும். ஆகவே அவர்கள் வெளியே வரத்தொடங்குவது 2026 இறுதியில். திட்டத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் சேர்ந்தே கேட்கவேண்டியவை உண்டு: மாநிலவாரியாக எத்தனை பேர் வெளியே வருகிறார்கள், மத்திய ஆயுதக் காவல் படைகளில் ஒதுக்கிய இடங்களில் எத்தனை நிரம்பின, பயிற்சியில் ஊனமுற்றவர்கள் எத்தனை. அந்த இளைஞர்களுக்கு அப்போது 21 முதல் 27 வயதுக்குள் இருக்கும். ஊர்ப் பிள்ளைகளின் வாழ்க்கை இது, கட்சி மேடைக்கான பொருளாக மட்டும் பார்க்கக் கூடாது.

பட்ஜெட் பற்றிக் கேட்பதில் பலன் உண்டா?

உண்டு, ஆனால் மொத்த எண் பட்ஜெட்டிலேயே இருக்கிறது. 2025-26-இல் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி, அதில் ஓய்வூதியத்துக்கு மட்டும் 1.60 லட்சம் கோடிக்கு மேல். ஒதுக்கியதில் செலவாகாமல் திரும்பியது எவ்வளவு என்பதைக் கேளுங்கள்.

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம்?

சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி என ஐந்து முனைகள். 2018 பட்ஜெட்டில் வந்த அறிவிப்பு. முதலீட்டு ஒப்பந்தம் எத்தனை கையெழுத்தானது என்று கேட்டால் பெரிய எண் வரும். உற்பத்தி தொடங்கியவை எத்தனை, நேரடி வேலை எத்தனை என்று கேட்கவேண்டும். ஆவடியில் 118 அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கிகளுக்கு 2021 செப்டம்பரில் 7,523 கோடிக்கு ஆணை தரப்பட்டது. அடுத்த மாதமே ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாக மாற்றப்பட்டன. அந்த ஆணையில் எத்தனை டாங்கி ஒப்படைக்கப்பட்டது என்பது ஆவடித் தொழிலாளர் குடும்பங்களுக்கு நேரடி அக்கறையுள்ள கேள்வி.

எம்.எல்.ஏ. இவற்றைக் கேட்க முடியாதா?

பாதுகாப்பு மத்தியப் பட்டியலில் இருப்பதால் ராணுவம், ஓய்வூதியம் பற்றிச் சட்டமன்றத்தில் கேட்கமுடியாது. ஆனால் மாநில முன்னாள் படைவீரர் நலத்துறை, என்.சி.சி.க்கான மாநிலப் பங்கு, பரேடு முடிந்து பிள்ளைகளுக்குத் தரும் டிபனுக்கான தொகை, அரசு வேலையில் இட ஒதுக்கீடு ஆகியவற்றைத் தாராளமாகக் கேட்கலாம்.

தகவல் உரிமைச் சட்டம் இருக்கும்போது எம்.பி. எதற்கு?

பத்து ரூபாயில் 30 நாளில் தகவல் கிடைக்கும், சரிதான். தனி விவரத்துக்கு அதுவே நல்ல வழி. ஆனால் அங்கே பதில் தருவது ஒரு தகவல் அலுவலர், இங்கே ஓர் அமைச்சர். ‘இனி என்ன செய்வீர்கள்’ என்று அமைச்சரிடம்தான் கேட்கமுடியும்.

எம்.பி.க்குப் பணம் ஏதும் தரவேண்டுமா?

ஒரு பைசா கூடாது. பணம் வாங்கிக் கேள்வி கேட்ட விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள், மக்களவையில் 10 பேர், மாநிலங்களவையில் ஒருவர்.

பழைய பதில்களை எங்கே பார்ப்பது?

நாடாளுமன்றத்தின் சன்சாத் இணையதளத்தில் அமைச்சகம், உறுப்பினர், தேதி வாரியாகத் தேடலாம். பதில்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், படிக்கத் தெரிந்த பிள்ளைகளின் உதவியை வாங்கிக்கொள்ளுங்கள். கேள்வி தயாரிக்கும்முன் அதே விஷயத்தில் கடைசியாக வந்த பதிலைப் படிப்பது அவசியம். அதில் அரசு சொன்ன எண்ணையே மேற்கோள் காட்டி, ‘அதன்பின் என்ன முன்னேற்றம்’ என்று கேட்டால் திரும்பக் கேட்ட கேள்வி என்று தள்ளமாட்டார்கள்.

எம்.பி. அலுவலகத்துக்கு எப்போது, எப்படிக் கொடுப்பது?

கூட்டத்தொடர் தேதி அறிவித்த உடனே. பட்ஜெட் கூட்டத்தொடர் ஜனவரி இறுதியில், மழைக்காலம் ஜூலையில், குளிர்காலம் நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ தொடங்குவது வழக்கம். தொடங்கியபின் போனால் முதல் இரண்டு வாரத்துக்கான வாய்ப்பு போய்விட்டது என்று அர்த்தம்.

பத்துப் பக்க மனு வேண்டாம். ஒரே பக்கத்தில் கேள்வியை (அ), (ஆ) என்று பிரித்து, தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாகக் கொடுங்கள், ஏனென்றால் அறிவிப்பு ஆங்கிலத்திலோ இந்தியிலோ போகவேண்டும். கீழே மூன்று வரியில் பின்னணி போதும். எந்த அமைச்சகம், எந்தத் துறை என்று குறியுங்கள். ஓய்வூதியம், மருத்துவம் என்றால் பாதுகாப்பு அமைச்சகத்தின் முன்னாள் படைவீரர் நலத்துறை. தொடர்பு எண்ணைப் போடுங்கள், அமைச்சகத்தின் பதில் வந்த பின் உதவியாளர் உங்களைத் தேடவேண்டும். எம்.பி.யைவிட அவருடைய உதவியாளரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவது பல சமயம் அதிகப் பலன் தரும், கேள்வியை இணையத்தில் ஏற்றுபவர் அவர்தான். ஊர்ச் சங்கத்தின் சார்பில் போனால் இரண்டு பேராகப் போங்கள். அறிவிப்பு ஏற்கப்பட்டதா, எந்தத் தேதிப் பட்டியலில் வருகிறது என்று ஒரு வாரம் கழித்து ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.